புகை ஆகாத வீடு

எங்கள் வீடு குன்னூர்ச் சாலைக்குக் கீழே இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் தகரக் கூரை மட்டும்தான் தெரியும். படி இறங்கினால் வீடு. வீட்டுக்கும் கீழே, சரிவைக் குடைந்து கட்டிய அறையில் மாமனாரின் தச்சுப் பட்டறை. அதற்கும் கீழே யாருடையதோ தேயிலை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் முதலில் பழகிக்கொண்டது தரைக்கு அடியிலிருந்து வரும் இழைப்புளிச் சத்தத்தைத்தான். சத்தம் நின்றால் மாமியார் சமையலறையில் தலையை நிமிர்த்துவார். "மாமாவுக்கு டீ வேணுமாமா" என்பார். மாமா ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.

அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பட்டாளத்துக்காரர் என்கிறார்கள், பக்திமான் என்கிறார்கள், இத்தனை பெரிய குடும்பத்தை ஒரு சொல்லில் நிறுத்தி வைத்திருந்தவர் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அவர்கள் போன பிறகு எனக்கு நினைவுக்கு வருவது வேறு ஒன்று. அதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

மாமாவின் அப்பா காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். எஸ்டேட்களுக்குத் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை. மாமா மூத்த மகன். மீசை முளைத்ததும் பட்டாளத்தில் தச்சராகச் சேர்ந்தார். பட்டாளம் என்றதும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும். "நானு துப்பாக்கி புடிச்சது கம்மி சாமி. உளி புடிச்சதுதான் ஜாஸ்தி" என்பார். குழந்தைகளுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

பென்ஷனோடு திரும்பி வந்து பட்டறை போட்டார். கதவு, ஜன்னல், அலமாரி. பங்குனி வந்தால் காவடிக்கு மரச்சட்டம். காவடி செய்கிற நாட்களில் உப்பில்லாத சாப்பாடு. அமாவாசையன்று மரத்தில் ரம்பம் வைக்க மாட்டார். கனமான பலகையைத் தூக்கும்போது "முருகா" என்பார், கை விரலில் சுத்தியல் பட்டாலும் அதே "முருகா"தான், குரல் மட்டும் மாறும். உறைபனி விழுகிற மாதத்திலும் விடியுமுன்னே பச்சைத்தண்ணீரில் குளியல். போர்வையை மடித்து வைத்தால் செங்கல் மாதிரி இருக்கும். என் போர்வையைப் பார்த்து அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவர் அந்தப் பக்கம் வருகிறார் என்றால் நான் ஓடிப்போய் இன்னொரு தரம் மடித்து வைப்பேன்.

குடும்பத்தில் அவரிடம் இரண்டு பதில்தான் உண்டு. "சரி", இல்லாவிட்டால் "வேண்டாம்". தம்பிகள், தம்பி பிள்ளைகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள், எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றுக்காகப் போன் செய்வார்கள். கூடலூரில் என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு ஊதிப்போய்த் தரையில் உரசிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு வாசல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கடைசியில் என் அப்பாவிடம், "பொண்ணு புடிச்சிருக்குங்க. இந்தக் கதவு மட்டும் தரையப் புடிச்சுட்டிருக்குது. அடுத்த தரம் வாரப்ப இழைச்சுக் குடுத்தர்றனுங்க" என்றார். நிச்சயத்துக்கு வந்தபோது நிஜமாகவே இழைப்புளியோடு வந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு முழுவதும் சாம்பிராணி போடுவார். அதை வேறு யாரையும் செய்ய விடமாட்டார். பட்டறையில் கழித்த சவுக்குத் துண்டுகளையும் சில்வர் ஓக் துண்டுகளையும் வெளியடுப்பில் எரித்துக் கங்காக்கி, இரும்புத் தட்டில் எடுத்துக்கொண்டு முதலில் சாமி அலமாரிக்கு வருவார். பிறகு ஒவ்வொரு அறையாக. கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், துணி போடுகிற கூடையைச் சுற்றி. நாங்கள் நின்ற இடத்தில் நின்று புகையை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கடைசியாகப் பட்டறைக்கு இறங்குவார். அங்கே மட்டும் அதிக நேரம் இருப்பார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கருவிகளுக்குக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் பிறந்தது மழைக்காலத்தில். இந்த ஊரில் குளிப்பாட்டிய குழந்தையை எந்த வெயிலில் காட்டுவது? தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியதும் மாமா கங்கோடு வந்துவிடுவார். அதன்மேல் சாம்பிராணித் தூளைப் போட்டு, ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார். மாமியார் குழந்தையை மடியில் கிடத்தி, முடியைக் கூடைமேல் படரவிட்டுக் காய வைப்பார். "இந்தப் பொகைக்கு எந்தச் சளியும் நிக்காது" என்பார். என் அம்மாவும் கூடலூரிலிருந்து போனில் அதையேதான் சொன்னார். நான் வேதியியல் படித்தவள், கொஞ்ச காலம் ஒரு பள்ளியில் பாடமும் நடத்தியவள். எனக்கும் அந்த வாசனை ஒரு மருந்து மாதிரியே இருந்தது.

குழந்தைக்குச் சளி பிடித்தது. ஆகவே புகை அதிகமானது. செவ்வாய், வெள்ளி போதாதென்று குளிக்கிற நாளெல்லாம். சளி இருமலானது, இருமல் இழுப்பானது. இழுப்பு வந்த குழந்தைக்கு நெஞ்சு காய வேண்டுமே என்று, தொட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம்.

வீசிங் உள்ள குழந்தையை வளர்க்கிற அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள சதை உள்ளே இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சோறு ஊட்டுவேன். பார்த்துக்கொண்டே துணி மடிப்பேன். தூங்குகிறவள் மேல் கையை வைத்துக்கொண்டே நானும் தூங்குவேன், கையில் மூச்சு படாவிட்டால் விழித்துவிடுவேன். அது தூக்கமே இல்லை. என் கணவருக்குக் குந்தா மின் நிலையத்தில் வேலை. வார நாட்களில் மஞ்சூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருப்பார். போனில் "எப்படி இருக்கா?" என்று கேட்பார். "இழுக்குது" என்பேன்.

குன்னூரில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "ஊட்டுல யாராச்சும் சிகரெட், பீடி?"

"இல்லீங்க டாக்டர்."

"வெறகு அடுப்பு?"

"கேஸ்தானுங்க."

"வேற பொகை எதுவும்?"

"எதுவுமே இல்லீங்க."

இதைச் சொல்லும்போது என் பக்கத்தில் மாமியார் இருப்பார். அவரும் "எங்கூட்டுல பொகையே ஆகாதுங்க. அவரு பட்டாளத்துல இருந்தும் ஒரு பீடி தொட்டவரில்லீங்க" என்று பெருமையாகச் சொல்வார். நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் மனதில் சாம்பிராணி அந்த வரிசையிலேயே இல்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிற டாக்டரிடம் யாராவது விபூதியைச் சொல்வார்களா? அந்த மாதிரிதான்.

ஒரு சமயம் குழந்தையோடு கணவரின் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம் பனி இங்கேயுள்ளதைவிட அதிகம், சுவரெல்லாம் ஈரம். பயந்துகொண்டே போனேன். குழந்தை அங்கே இருந்தவரை ஒரு தடவை கூட இழுக்கவில்லை. திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாயிற்று. மாமா தட்டோடு வந்தார். சாப்பாட்டு வேளைக்குள் அவள் நெஞ்சில் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

அடுத்த தடவை டாக்டரம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்கத் தொடங்கியபோது, "சாம்பிராணி போடுவோங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்பெல்லாம்?"

சொன்னேன்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ?" என்றார். திட்டுகிற மாதிரிகூட இல்லை. களைத்துப்போன குரல். அவருக்கு ஒரு நாளைக்கு என்னைப் போல எத்தனை பேரோ. "ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, எதுவும் கூடாது. மரத்தூள் கூடாது. ஊட்டுல பெரியவங்ககிட்டச் சொல்லிரு."

பெரியவர்களிடம் சொல்வது. இந்த வீட்டில் மாமாவிடம் அப்படி ஒன்றை யாரும் சொன்னதில்லை. முதலில் கணவருக்குப் போன் செய்தேன்.

"நானா? அவரு சாமி கும்புடறத நிறுத்துங்கன்னு நாஞ் சொல்றதா? இன்னிக்கும் நாலு பேரு முன்னால என் காதப் புடிச்சுத் திருகுவாரு. நீ சொல்லு. உன்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு."

மாமியாரிடம் போனேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நாஞ் சொன்னா 'உனக்கு யாரு டாக்டர் பட்டங் குடுத்தது'ம்பாரு கண்ணு. டாக்டரம்மா வாயால கேட்டது நீதான. நீயே போயிச் சொல்லிரு" என்றார். பிறகு சேர்த்துக்கொண்டார்: "டீ கொண்டுக்கிட்டுப் போ. வெறுங்கையோட போவாத."

டீயோடு பட்டறைக்கு இறங்கினேன். மாமா ஒரு கதவுச் சட்டத்துக்குத் துளை வெட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைப் படி இறங்கும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு மாதிரி.

"மாமா, டாக்டரம்மா சொன்னாங்க. பாப்பாவுக்கு… சாம்பிராணி ஒத்துக்கலையாமாங்க."

உளி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துளையில் இருந்த சிராயை விரலால் எடுத்தார்.

"எத்தன நாளைக்கு?"

"எப்பவுமேங்க மாமா. ஊதுபத்தியும் வேண்டாம்னாங்க."

"ம்."

டீயை வாங்கிக் குடித்தார். நான் டம்ளருக்காக நின்றேன். மரத்தூளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே நாளில் ஒரு மனிதரிடம் எத்தனைதான் சொல்வது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரே கேட்டார்.

"பொகையே ஆகாதுன்னா, இந்தத் தூளு?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை. அன்று மாலை அவர் விளக்கு மட்டும் ஏற்றினார். சூடம் கூட வீட்டுக்குள் கொளுத்தவில்லை. அடுத்த சில நாட்களில் பட்டறையைக் காலி செய்து, மேலே சாலை வளைவில் கூடப் பட்டாளத்தில் இருந்த ஒருவரின் பாதி காலியாக இருந்த கொட்டகைக்கு எல்லாவற்றையும் மாற்றினார். முழங்கால் வலியோடு அந்த மேட்டில் தினமும் ஏறி இறங்கினார். வேலை முடிந்து வந்தால் வெளிக் குழாயடியில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். பட்டாளத்தில் மேலதிகாரி சொன்னால் எப்படிச் செய்வார்களோ அப்படி, முகத்தில் எதையும் காட்டாமல். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குழந்தைக்கு இழுப்பு குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆடி மழைக்கு வந்தது, குளிருக்கு வந்தது, அக்கம்பக்கத்தில் யாருக்காவது சளி என்றால் வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் மாமா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். "பொகைதான் நிறுத்தியாச்சே, இன்னும் ஏன்?" என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஒருவேளை புகை காரணமே இல்லையோ. ஒருவேளை அவளே வளர்ந்துகொண்டிருந்ததால் குறைந்திருக்குமோ. ஒரு வயதானவரை வீணாக மேட்டில் ஏற வைத்துவிட்டேனோ.

உறவுக்காரர்களுக்கு விஷயம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. மாமாவின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன மாமியார், அந்தத் தம்பியின் மனைவி, நாலு பேர் கேட்கக் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, உங்கூட்டுல இப்பச் சாமிக்கே பொகை ஆகாதாமா?"

"பாப்பாவுக்குத்தானுங்க அத்தை."

"நாங்களும் ஏழெட்டுப் பெத்துப் பொகையிலதான் வளத்தோம். ஒண்ணுக்காவது மூக்கு அடைச்சுதா? எங்க மச்சாண்டார் மலைக்குப் போகாத கிருத்திகை உண்டா? அவரையே மாத்திப்போட்டீங்களே. கெட்டிக்காரிதான்."

இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் இருந்த மாமா காதில் இது விழுந்ததா தெரியாது. விழுந்திருக்கும். அவர் பரிமாறுகிறவரிடம், "அந்த அம்மிணிக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துப்பா, வாய் வறண்டு போச்சாட்ட இருக்குது" என்றார். சின்ன மாமியாரைக் காட்டித்தான் சொன்னார்.

மாமா பட்டாளத்தில் அடித்த பெட்டிகளைப் பற்றி மாமியார் சொன்னது அதற்குப் பிறகுதான். ஒரு மத்தியானம் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மாமா கொட்டகையிலிருந்து சாப்பிட வந்துவிட்டுத் திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தார். சாப்பிட்டதைவிட மிச்சம் வைத்ததுதான் அதிகம்.

"தூக்கமே இல்ல அவருக்கு" என்றார் மாமியார். "கெட்ட கெட்ட கனாவாமா. முந்தி இருந்துச்சு, நடுவுல இல்லாம இருந்துச்சு. இப்ப மறுபடியும்."

"என்ன கனாங்க அத்தை?"

அவர் உரித்துக்கொண்டே சொன்னார். "வடக்க பனி மலையில இருந்தாரில்ல. சண்டை நடந்த சமயம். தச்சருங்களுக்கு என்ன வேலைன்னு நெனைச்ச? பெட்டி அடிக்கறது. ஊருக்கு அனுப்பற பொணத்துக்கு. உள்ள ஆளோட அளவு எடுத்து அடிக்கோணும். கூடவே சாப்புட்ட பையனுகளுக்கெல்லாம் அடிச்சாராமா. அந்த வாடை மூக்க உட்டுப் போவாதாமா. எங்கிருந்தோ சாம்பிராணி வாங்கி, கூடாரத்துல பொகை போட்டுக்கிட்டு, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே ஆணி அடிப்பாராமா. அதுல இருந்துதான் செவ்வா வெள்ளி தவறாம போடறது. பட்டறைக்குப் போடாம இருந்தா, இழைக்கிற மரத்துல அந்த வாடை வருதும்பாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க அத்தை."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

சொல்லாமல் இருந்திருப்பேனா? குழந்தை நெஞ்சில் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு? சொல்லித்தான் இருப்பேன். ஆனால் டீ டம்ளரை வாங்கிக்கொண்டு அத்தனை சீக்கிரம் படியேறி வந்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது துண்டை நீட்டினேன். "மாமா, கொட்டகையில சாம்பிராணி போட்டுக்கறீங்களாங்க?"

"அது அடுத்தவன் எடம். பாதி எடத்துல வைக்கோல் அடைச்சு வெச்சிருக்கறான். கங்கு கொண்டுபோனா எஸ்டேட்டே எரியும்."

"அப்ப இங்க கீழ் ரூம்ல போடுங்க. அந்நேரத்துக்கு நான் பாப்பாவ மேல் ஊட்டு அக்காகிட்டக் கூட்டிட்டுப் போயிக்கறேன்."

"பனியில எங்க தூக்கிட்டுத் திரிவ? ஒருக்கா வேண்டாம்னா வேண்டாந்தான்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "முருகனும் மலைமேல இருக்கறவந்தான் கண்ணு. அவனுக்கு நெஞ்சுச் சளியப் பத்தித் தெரியாதா என்ன?"

புகை குறைவாக வரும் என்று கடையில் சொன்ன கப் சாம்பிராணியைக் கணவரிடம் வாங்கி வரச் சொன்னேன். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அதுவும் புகைதானே என்றார். அது அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. இப்படியே காலம் போனது. அவரிடம் மன்னிப்பு என்று கேட்க நான் எந்தத் தவறும் செய்யவில்லை. நன்றி என்று சொன்னாலும் வேறு எதையோ சொல்வதுபோல் இருக்கும். செவ்வாய், வெள்ளி மாலைகளில் அவர் விளக்கேற்றிவிட்டு, கை எதையோ தேடுவதுபோலச் சாமி அலமாரி முன்னால் சற்று நேரம் நிற்பார். நான் அந்த நேரத்தில் சமையலறையைவிட்டு வெளியே வருவதில்லை.

ஒரு காலை வேளையில் கொட்டகையில் பலகை தூக்கும்போது உட்கார்ந்துவிட்டார். அவரைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்றார்கள். மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் கிடத்தினார்கள். காரமடை, திருப்பூர் ஆட்கள் எல்லாரும் மலையேறி வந்துவிட்டார்கள். பெரியவர் போனதும் வீட்டில் பெரியவராகிவிட்ட சின்ன மாமா, அதாவது மாமாவின் தம்பி, எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். தலைமாட்டில் படி நிறைய அரிசியில் கட்டு ஊதுபத்தி. பக்கத்தில் கங்கு, அதன்மேல் கை கையாகச் சாம்பிராணி. கூடத்தில் ஆள் முகம் தெரியவில்லை.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு மேல் வீட்டு அக்காவிடம் போய்விட்டேன். அவளுக்கு அப்போது நடந்து ஓடுகிற வயது. தாத்தாவை அவள் அப்பாரு என்பாள். அப்பாருவைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள். ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி போட்டுக் கொடுத்தார் அந்த அக்கா.

எடுக்கிற நேரம் நெருங்கியதும் திருப்பூர் நாத்தனார் மேலே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"நெய்ப்பந்தம் புடிக்கக் கூப்பிடறாங்க. பேரன் பேத்தியெல்லாம் நின்னாச்சு. இவ ஒருத்திதான் இல்ல. அப்பாவோட கூடவே வளந்த பேத்தி. கூட்டிக்கிட்டு வா."

நெய்யில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி, கொளுத்திப் பிடித்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் தாத்தாவைச் சுற்றி வர வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது பெரிய கௌரவம். எனக்கும் தெரியும். அந்தக் கூடத்தில், அந்தப் புகையோடு, இத்தனை பந்தங்கள். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கினேன். வாசலில் சின்ன மாமா நின்றிருந்தார்.

"கொழந்தை எங்கீங்க?"

"மேல இருக்கறாளுங்க சின்ன மாமா. உள்ள பொகையா இருக்குது."

"ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள என்ன ஆயிரப்போவுது? நாளைக்கு அவ பெருசாயி, எங்கப்பாருக்கு நாம் பந்தம் புடிக்கலையான்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பாவின் காலடியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் இதைக் கேட்டுவிட்டார் போலும். எழுந்து புகைக்குள்ளிருந்து வந்தார்.

"பொகையெல்லாம் வெளிய எடுங்க. ஜன்னலத் தொறங்க. காத்துப் போனதும் கொழந்தை வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போவட்டும். அவரு உசுரோட இருக்கறப்பவே இந்த ஊட்டுல இல்லாததுதான இது" என்றார். ஒரு பையன் கங்குத் தட்டை எடுக்கக் குனிந்தான்.

இதுதான் நல்ல வழி. எல்லாருக்கும் சரியாகப் போயிருக்கும். என் வாய் வேறு சொன்னது.

"வேண்டாங்க அத்தை. எடுக்காதீங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாம்பிராணி இருக்கட்டும். இன்னும் போடுங்க. பாப்பா வரமாட்டா."

சின்ன மாமியார் பின்னாலிருந்து, "அடேங்கப்பா, கட்டையில போறவருக்குப் பந்தம் புடிக்கவுங் குடுப்பினை இல்ல பாரு" என்றார். சின்ன மாமா தோள் துண்டை உதறிவிட்டு உள்ளே போனார். நான் மாமியார் பக்கத்தில் போய், "இன்னைக்காவது அவருக்கு இருக்கட்டுங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். அவர் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, தூள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கங்கில் ஒரு கை போட்டார். இன்னொரு கை போட்டார். யாரும் தடுக்கவில்லை. மற்றப் பேரப்பிள்ளைகள் இருமிக்கொண்டே சுற்றினார்கள்.

படிகள் செங்குத்து. அவரைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏற ஆட்கள் திணறினார்கள். அக்கா வீட்டு ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து மகளுக்குக் காட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அப்பாருவுக்குச் செருப்புப் போட்டு உடல" என்றாள். அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும் வரை அதையே சொன்னாள். பிறகு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பனி இறங்கிவிட்டது. அவளைப் போர்த்தி வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அதற்குள் வீட்டைக் கழுவி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். புகை துளியும் இல்லை.

இழுப்பு வந்துவிட்டது. ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பிக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளறையில் அவளை மடியில் வைத்து, முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெபுலைசர் உறுமிக்கொண்டிருந்தது. என் கையும் முதுகும் கழன்று விழுவதுபோல் இருந்தன. ஈரத் தலையோடு சின்ன மாமா அறை வாசலில் வந்து நின்றார்.

"இது என்னங்க மெசினு?"

"மருந்தைப் பனியாட்டம் ஆக்கிக் குடுக்குங்க சின்ன மாமா."

அவர் குழந்தையின் விலாவைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல.

"இப்படியாங்க இழுக்கும்?"

"ஆமாங்க."

"பொகை பக்கமே வரலையே. அப்பறம் எதுக்கு வந்துச்சு?"

"பனிக்கும் வருங்க. அழுதாலும் வருங்க. சில சமயம் எதுக்குன்னே தெரியாதுங்க."

"அப்பக் கீழயே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாங்க."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நானும் ரோஷத்தில் சொல்லவில்லை. கதவு நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மருந்து தீரும்வரை அங்கேயே இருந்தார். குழந்தை தூங்கிவிட்டாள். சுவிட்ச் எனக்கு எட்டவில்லை. அவர் எழுந்துவந்து அணைத்தார்.